ஒரே மேசை, ஐந்து ஆட்டங்கள்



நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையைக் கூடி நடத்திச் செல்லும் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இளையவர்கள் சிலர் ஆடியும் இருப்பீர்கள். ஆடாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மேசையில் ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். ஊர், காடு, எதிரி, வழியில் எதிர்ப்படும் கடைக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் தத்தம் பாத்திரத்தின் கண் வழியே அந்த உலகைப் பார்த்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அவரிடம் பொய் சொல்கிறேன்" என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று ஐயம் வந்தால் பகடை தீர்க்கும்.

சதுரங்கத்தில் ராஜாவை மடக்கினால் ஆட்டம் முடிந்தது. இதில் அப்படி ஒரு முடிவு கிடையாது. எது வெற்றி என்று விதிப்புத்தகம் சொல்வதில்லை. ஆகவே, எதற்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்துகொள்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்வதில்லை. மேசைகள் உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தச் சிக்கல் விளையாட்டு பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில், படை பொம்மைகளை வைத்துப் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் ஒரு குழு இருந்தது. அதில் டேவ் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றைத் தயார் செய்தார். களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊர். இரு படைத்தலைவர்கள் மட்டும் ஆடினால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று, ஊராரையும் ஆடவிட்டார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடமும் தனி நோக்கமும் கொடுத்தார். அவர்கள் ஒவ்வொருவராகத் தம்மிடம் வந்து கட்டளை சொல்வார்கள், அதைத் தாம் வரிசையாகக் கணக்கிட்டு முடித்ததும் போர் தொடங்கும் என்பது அவர் திட்டம்.

நடந்தது வேறு. ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கவில்லை. மூலைக்கு மூலை நின்று தங்களுக்குள் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். இருவர் வாய்ச்சண்டை முற்றி ஒற்றைக்கு ஒற்றை மோதப்போவதாக வந்து நின்றார்கள். அதற்கு வெஸ்லியிடம் விதியே இல்லை, நின்ற இடத்தில் ஒன்றை உண்டாக்கினார். போர் என்று அவர் எதை எண்ணியிருந்தாரோ அது நடக்கவே இல்லை. ஆட்டம் கெட்டுப்போயிற்று என்ற வருத்தம்தான் அவருக்கு. ஆட வந்தவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் அந்தப் பொறியை எடுத்து பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை நடத்தினார். பிறகு கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 1974இல் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பிரவுன்ஸ்டைனை ஓர் இனிய விபத்து என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது அத்தனை எளிதாகத் தெரியவில்லை. நடத்தியவர் விரும்பியது ஒன்று, ஆடியவர்கள் விரும்பியது இன்னொன்று. ஆடியவர்களின் விருப்பம் எல்லாம் ஒரே திசையில் ஓடியதால் அன்றைய இரவு பிழைத்தது. அவர்களில் பாதிப் பேர், "போர் ஆடத்தானே வந்தோம், என்ன இது அரட்டை?" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று நூற்றுக்கணக்கான மேசைகளில் நடப்பது அந்த இரண்டாவது கதை.

1974இன் முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். எப்படி அடிப்பது, எத்தனை பொன் கிடைக்கும் என்றெல்லாம் அவற்றில் உண்டு. இதை எதற்காக ஆடுகிறோம் என்பது இல்லை. வாங்கிய ஒவ்வோர் ஊரும் அந்த இடைவெளியைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி, ஆடுபவர்களே எழுதி ஆடுபவர்களே படிக்கும் அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற இதழைத் தொடங்கினார். எப்படி ஆடுவது என்ற விவாதம் அதில் ஓயாமல் நடந்தது. கைகாக்ஸே அந்த இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லோரும் ஒரே விதமாக ஆடத் தொடங்கும் நாளில் இந்த விளையாட்டு சலித்துப்போகும் என்பது அவர் கருத்து. படைத்தவரே இப்படி வாசலைத் திறந்துவைத்தார். நல்ல காரியம். ஆனால் வெவ்வேறு வாசலில் நுழைந்தவர்கள் ஒரே மேசையில் சந்தித்துக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதற்கு அவரிடமும் அன்று பதில் இல்லை.

இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நிறுவனம் வெளியிட்டவை, ஒரே குடும்பத்து விதிகளில் ஓடுபவை.

முதலாவது டூம் ஆஃப் ஹாரர்ஸ். 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காகக் கைகாக்ஸ் எழுதியது, 1978இல் அச்சில் வந்தது. அது ஒரு கல்லறை. உள்ளே சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பேய்முகம் வாய் பிளந்து நிற்கும். அந்த வாய்க்குள் ஏறினால் பகடைக்கே வேலையில்லை, பாத்திரம் அடியோடு அழிந்துவிடும். அந்த ஆட்டத்தில் உங்கள் பாத்திரத்தின் பூர்வ கதையை யாரும் கேட்கமாட்டார்கள். பத்தடிக் கம்பால் தரையைத் தட்டிப் பார்க்கும் எச்சரிக்கையும், பொறியை மணத்திலேயே கண்டுகொள்ளும் கூர்மையும்தான் அங்கே மதிப்பு. உயிரோடு வெளியே வந்தவர் ஆண்டுக்கணக்கில் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம்.

இரண்டாவது 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ். டிரேசி ஹிக்மன் வகுத்த வரிசை. அவரும் மார்கரெட் வைஸும் அதே கதையை நாவல்களாகவும் எழுதினார்கள். இங்கே பாத்திரங்கள் பெயரோடும் உறவுகளோடும் தயாராக வருகிறார்கள். ஒரு பெரும் போரின் காவியத்தில் அவர்களுக்கு இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. நடுவழியில் செத்துவிட்டால் காவியம் என்ன ஆவது? அதற்கும் வழி உண்டு. முக்கியமானவர் இறக்க நேர்ந்தால், உடல் கண்ணில் படாதபடி, பின்னால் திரும்பி வரக்கூடிய விதத்தில் அந்தச் சாவை அமைக்கச் சொல்கிறது அந்தத் தொடர்.

கல்லறையில் பழகிய ஒருவரை இந்தக் காவியத்தில் உட்காரவைத்தால், "சாகவே முடியாதென்றால் என் எச்சரிக்கைக்கு என்ன மரியாதை?" என்பார். காவியத்துக்கு மனம் கொடுத்தவரைக் கல்லறைக்குள் அனுப்பினால், மூன்று வாரம் இழைத்து இழைத்து உருவாக்கிய பாத்திரம் பச்சை வாய்க்குள் போனதும் கண் கலங்குவார். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள். இருவரிடமும் குற்றம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேசையில் மனக்கசப்பு வந்ததும் நாம் முதலில் தேடுவது ஒரு குற்றவாளியை. "அவனுக்கு ஆடத் தெரியாது", "அவளுக்கு எல்லாம் நாடகம்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆட்டக்காரர்களை வகை பிரிக்கும் முயற்சிகள் பல நடந்தன. 1980இலேயே க்ளென் பிளேகோ என்பவர் ஒரு கட்டுரையில் நான்கு வகை சொன்னார்: பாத்திரத்தில் வாழ்பவர், கதை வேண்டுபவர், பலம் சேர்ப்பவர், போர்த்தந்திரத்தில் இன்பம் காண்பவர். 2002இல் ராபின் லாஸ் ஏழு வகை சொன்னார். பின்னால் வந்த அதிகாரபூர்வக் கையேடுகளிலும் இத்தகைய பட்டியல்கள் உண்டு. எனக்கு இவற்றின்மேல் அளவான மதிப்புதான். மனிதர்கள் வகைக்குள் நிற்பதில்லை. போன மாதம் சண்டைக்குத் துடித்தவர், வீட்டில் ஒரு துக்கம் நடந்தபின், அமைதியாக ஒரு சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் காட்சியையே விரும்பலாம். பட்டியலால் ஒரு நன்மை உண்டு. தனக்குப் பிடிக்காத இன்பமும் ஓர் இன்பம்தான் என்று அது நமக்குக் காட்டிவிடுகிறது. அதற்குமேல் அதை இழுக்க வேண்டாம்.

பட்டியல்களைவிட எனக்குப் பயன்பட்டது ஒரு சமூகவியலாளரின் கண். கேரி ஆலன் ஃபைன் என்ற அறிஞர் 1970களின் பிற்பகுதியில் அதே மின்னசோட்டாவில் ஆட்டக் குழுக்களோடு உட்கார்ந்து, ஆடி, கவனித்து, 1983இல் ஷேர்ட் ஃபான்டசி என்ற நூலை எழுதினார். மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் இருக்கிறார் என்று அவர் காட்டினார். ஒன்று, வேலைக்குப் போய்வந்து களைத்திருக்கும் ஆள். இரண்டு, விதி தெரிந்து பகடை உருட்டும் ஆட்டக்காரர். மூன்று, கதைக்குள் வாளேந்தி நிற்கும் பாத்திரம். பேச்சு இந்த மூன்றுக்கும் இடையே நொடிக்கு நொடி தாவிக்கொண்டே இருக்கிறது.

எதிர்பார்ப்பு எங்கே குடியிருக்கிறது? முதல் தளத்தில், ஆளிடத்தில். ஏமாற்றமும் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் நாம் அதைத் தீர்க்கப் போவது மூன்றாவது தளத்தில், பாத்திரத்திடம். இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடத்துபவர் ஓர் அரண்மனைச் சதியை மாதக்கணக்கில் யோசித்து வைத்திருக்கிறார். ஆடுபவர்களில் இருவருக்கு அது தேன். நாலாவதாக உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு மட்டும் பொறுமை இல்லை. மந்திரி பேசிக்கொண்டிருக்கும்போதே, "நான் மந்திரியை வெட்டுகிறேன்" என்கிறான். நடத்துபவருக்குக் கோபம். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. காவலர்கள் வருகிறார்கள், அவன் பாத்திரம் சிறையில் அடைபடுகிறது. அந்த இரவு முழுக்க அவன் சிறையிலேயே கிடக்கிறான். சலித்ததால் வெட்டினான், வெட்டியதற்குத் தண்டனையாக அவனுக்கு இன்னும் அதிகச் சலிப்பைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் வந்து பொறுமையாகப் பேசுவான் என்று எதிர்பார்க்க முடியுமா? அவன் சிறைக்குத் தீவைப்பான், இல்லையென்றால் வரவே மாட்டான்.

ஆட்டத்தை அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, தேநீருக்கு எழுந்து, அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னடா தம்பி, போர் அடிக்குதா?" என்று கேட்டிருந்தால், "ஆமாண்ணா, பேசிப் பேசியே ரெண்டு மணி நேரம் போயிருச்சு. என் ஆளுக்குச் சண்டை மட்டும்தான் தெரியும், இந்த அரண்மனையில நான் என்ன பண்றதுன்னே தெரியல" என்று சொல்லியிருப்பான். அந்த ஒரு வாக்கியத்தில் தீர்வே இருக்கிறது. அவனுக்கு வேண்டியது ரத்தம்கூட இல்லை, தான் செய்வதற்கு ஒரு வேலை. மந்திரியின் மெய்க்காவலன் அவனை மல்லுக்கு அழைக்கட்டும், அந்த மல்யுத்தத்தைப் பார்க்கக் கூடிய கூட்டத்துக்குள் மற்ற இருவரும் தங்கள் சதியை நடத்தட்டும். மூவருக்கும் ஒரே காட்சியில் பசி தீரும்.

ஆடுபவர்கள் பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. கூட்டாளியின் பையிலிருந்து திருடிவிட்டு, "நான் என்ன செய்வது, என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லும் ஆட்டக்காரரை அநேகமாக எல்லா மேசையிலும் பார்க்கலாம். பாத்திரத்தைப் படைத்தவர் அவர். திருடலாமா என்று முடிவு செய்ததும் அவர். ஆள் எடுத்த முடிவுக்குப் பாத்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையாகாது. எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்ட சூதுவாது நிறைந்த ஆட்டமென்றால் அதே திருட்டு அற்புதமான திருப்பமாக அமையும். ஒப்புதல் இருந்ததா என்பதே வேறுபாடு.

ஒப்புதல் பெறும் இடம், ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் ஒரு மாலை. ஆடுபவர்கள் இதை செஷன் ஜீரோ என்பார்கள். 2020இல் வெளிவந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. அந்த மாலையில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் பாத்திரங்கள் சாகலாமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். செத்தால் திரும்பி வர வழி உண்டா என்றும் கேளுங்கள். பாத்திரங்கள் ஒருவரையொருவர் ஏமாற்றவும் தாக்கவும் அனுமதி உண்டா? கதை சிரிப்பும் கும்மாளமுமாகப் போக வேண்டுமா, இருட்டாக இருக்க வேண்டுமா? ஒருவர் வர முடியாத வாரத்தில் ஆட்டம் நடக்குமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். கதை ரசனை ஒத்துப்போன மேசைகள்கூட வருகைப் பிரச்சினையில் மனம் கசந்து கலைகின்றன. ஒருவருக்கு இது வார வாழ்வின் மையம், இன்னொருவருக்கு நேரம் கிடைத்தால் வந்துபோகும் பொழுதுபோக்கு. இதுவும் எதிர்பார்ப்பு வேறுபாடுதான்.

கதைக்குள் வரவே கூடாதவை என்ன என்பதும் அன்றைக்கே பேசப்பட வேண்டும். இதற்கு ரான் எட்வர்ட்ஸ் 2003இல் ஒரு நல்ல முறை வகுத்தார். சில பொருள்கள் கோட்டுக்கு அப்பால், கதையில் இடமே இல்லை. சில பொருள்கள் திரைக்குப் பின்னால், நடந்ததாக வைத்துக்கொள்ளலாம், விவரிக்க வேண்டாம். இதைப் பலர் தடை என்று எண்ணித் தயங்குகிறார்கள். எல்லை தெரிந்தால்தான் அதற்கு இப்பால் அச்சமின்றி ஆட முடியும். முன்கூட்டித் தெரியாத ஒன்று நடு ஆட்டத்தில் வந்து குத்தினால்? அதற்காக ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் எக்ஸ் கார்டு என்ற எளிய வழியைக் கொண்டுவந்தார். எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை மேசை நடுவில் கிடக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு மேலே போக வேண்டும். ஏன் என்று விளக்கம் கேட்கக் கூடாது. ஆள் என்ற தளத்திலிருந்து பாத்திரத் தளத்துக்கு ஒரே தொடுகையில் செய்தி போய்ச் சேர்கிறது. அதன் அருமை அதுதான்.

இப்போது புதிதாக ஓர் எதிர்பார்ப்பு வந்து சேர்ந்திருக்கிறது. 2015 மார்ச்சில் கிரிட்டிக்கல் ரோல் என்ற நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாகத் தொடங்கியது. அப்போது மேத்யூ மெர்சர் நடத்த, அவருடைய நண்பர்கள் ஆடினார்கள். எல்லோரும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அதைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் ஏராளம், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முதல்முறை நடத்த உட்காரும் ஒரு கல்லூரி மாணவியிடம், ஒவ்வொரு கடைக்காரருக்கும் தனிக்குரல், ஒவ்வொரு வாரமும் கண்ணீர்க் காட்சி என்று எதிர்பார்த்தால் அவள் என்ன செய்வாள்? குரலே பிழைப்பாகக் கொண்டவர்களின் மேசை அது. உங்கள் மேசையில் நான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு நல்ல சிரிப்பும் ஒரு நல்ல திகிலும் கிடைத்தால் அது நிறைவான இரவு. புதிதாக நடத்துபவர்களிடம் இதை யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் இருப்பார். முறை வரும்போது பகடை உருட்டுவார், மற்ற நேரம் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார். நல்ல மனம் கொண்ட நடத்துபவர்கள் அவரை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டுமென்று பாடாய்ப் படுத்துவார்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள். நண்பர்களோடு இருக்கவே அவர் வந்திருக்கலாம், அவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். கூச்சத்தால் வாய் திறக்காதவரும் உண்டு. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும். ஊகித்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

நடத்துபவரும் ஓர் ஆள்தான், அவருக்கும் விருப்பம் உண்டு என்பதை மேசை மறந்துவிடுகிறது. எல்லோரையும் மகிழ்விப்பது தம் கடமை என்று எண்ணி, தமக்குச் சற்றும் பிடிக்காத ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தி, ஒருநாள் காரணம் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் பலர். "எனக்கு இந்தச் சதிக் கதைகளில்தான் உயிர்" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு ஒருவர் விலகினால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஆம், சில வேளை விலகுவதே சரி. இருவருக்குக் கல்லறை வேண்டும், மூவருக்குக் காவியம் வேண்டும் என்றால், நடுவில் ஏதோ ஒன்றை நடத்தி ஐவரையும் அரைப்பட்டினி போடுவதைவிட, இருவகை ஆட்டத்தையும் தனித்தனியாக ஆடலாம். நட்பு வேறு, ஆட்டம் வேறு. ஆட்டத்தையே மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. 1981இல் வந்த கால் ஆஃப் க்துலு என்ற திகில் ஆட்டத்தில் பாத்திரம் பித்துப் பிடித்தோ செத்தோ போவது சாதாரணம், ஆட வருபவர்கள் அதற்குத் தயாராகவே வருகிறார்கள். சாவைப் பற்றி உங்கள் மேசையில் நடக்கும் வாதம் அங்கே எழாது. ஒரே இரவில் முடியும் சிறிய ஆட்டங்களாக மூன்று நான்கு வகையை ஆடிப் பாருங்கள். யாருக்கு எது பிடிக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் மாலைப் பேச்சோடு காரியம் முடிவதில்லை. தனக்கு என்ன பிடிக்கும் என்பது பலருக்கு ஆடிய பிறகுதான் தெரியும், பிரவுன்ஸ்டைன்காரர்களுக்குத் தெரிந்ததுபோல. ஆகவே ஒவ்வொரு முறை ஆட்டம் முடிந்ததும் பகடையை எடுத்துவைக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்மவர்களிடம் அப்படிக் கேட்டால், நடத்தியவர் மனம் கோணக் கூடாதென்று, "சூப்பரா இருந்துச்சுண்ணா" என்றுதான் பதில் வரும். எந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம், எந்த இடத்தில் கைபேசியை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் தயங்குவார்கள். நீங்களே, "இன்னைக்கு அந்தச் சந்தைக் காட்சியில எனக்கே கொஞ்சம் தொய்வாயிருச்சு" என்று தொடங்கிவையுங்கள். அடுத்தவர் வாய் திறப்பார். வந்த பதிலைக் குறித்துவைத்துக்கொண்டு, மறுவாரம் அதே போன்ற காட்சி வரும்போது, கைபேசியை எடுத்ததாகச் சொன்னவரிடமிருந்து அதைத் தொடங்குங்கள்.